கொல்கத்தாவின் சீனர்களும் 'சேர்ச்' என்று பெயர் பெற்ற கோவில்களும்

கல்கத்தா என்றதும் இலங்கைத் தமிழரான எம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர்கள் தாகூர், இராமகிருஷ்ணர், விவேகானந்தர், அன்னை தெரேசா ஆகியோரே. கிரிக்கெட் இரசிகர்களுக்கு 1996 ஆம் ஆண்டு உலகக்கிண்ண அரையிறுதி ஆட்டமும், அன்று ஈடன் தோட்ட மைதானத்தில் மூண்ட தீயும் நினைவில் இருக்கும். 2001 ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்று பெயர் மாற்றம் பெற்ற அந்த மாநகரில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சீனர்கள் வாழ்ந்து வருகிறார்கள் என்பதை எமது வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இந்தியாவில் சீனர் குடியிருப்பு என்று சொல்லத்தக்கதாக எஞ்சியிருப்பது அந்த நகரில் மட்டுமே.

நகரின் மையப் பகுதியில், லால் பஜார் பொலிஸ் தலைமையகத்துக்குப் பின்புறமாக அமைந்திருக்கிறது டிரெட்டா பஜார். அங்குள்ள சீனக் கோவில்களின் பெயர்ப்பலகைகள் முதல் தடவை செல்பவரைத் திகைக்க வைக்கும். 'சீ இப் சேர்ச்', 'டூங் ஆன் சேர்ச்', 'நாம் சூன் சேர்ச்' என்றுதான் அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் உள்ளே சிலுவையும் இல்லை, பாதிரியாரும் இல்லை. சிவப்பும் பொன்னிறமும் பூசிய மரவேலைப்பாடுகளும், சாம்பல் நிறைந்த ஊதுபத்திக் கலசங்களும், குவான் யின் என்னும் கருணைத் தேவியின் திருவுருவமுமே இருக்கின்றன. பிரித்தானிய அதிகாரிகளுக்கு வழிபாட்டிடம் என்றால் 'சேர்ச்'. பதிவேட்டில் எழுதப்பட்ட அந்தச் சொல்லைச் சீனர்களும் ஏற்றுக்கொண்டு பலகையில் பொறித்துவிட்டார்கள். ஆட்சியாளரின் பதிவேட்டில் எந்தச் சொல்லால் குறிக்கப்படுகிறோமோ அந்தச் சொல்லிலேயே வாழப் பழகிக்கொள்வது சிறுபான்மையினருக்குப் புதிய விடயமல்ல. சீனர்களைப் பொறுத்தவரை இந்தச் 'சேர்ச்'சினால் தீங்கு எதுவும் விளையவில்லை. பின்னர் 1962 இல் அவர்கள் மீது எழுதப்பட்ட வேறொரு சொல்தான் அவர்களது வாழ்வையே குலைத்தது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

கல்கத்தாச் சீனர்கள் தமது வரலாற்றை டாங் அச்சியூ என்ற வணிகரிலிருந்து தொடங்குகிறார்கள். வாரன் ஹேஸ்டிங்ஸ் ஆட்சி செய்த காலத்தில், ஹூக்ளி நதிக்கரையில் பஜ் பஜ் என்ற ஊருக்கு அருகே கிழக்கிந்தியக் கம்பனியிடமிருந்து நிலம் பெற்று, கரும்பு பயிரிட்டு ஆலை ஒன்றை நிறுவியவர் அவர். தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்வதற்குச் சீனத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார். அவர்களில் பலர் தோட்டத்தை விட்டுக் கல்கத்தாவுக்கு ஓடிவிடுவதாக 1781 இல் அவர் கம்பனியிடம் முறையிட்டிருக்கிறார். 1783 ஆம் ஆண்டு முடிவதற்குள் அவர் காலமாகிவிட்டார். ஆலையும் நிலைக்கவில்லை. அவ்வாறு ஓடிப்போனவர்களே கல்கத்தா நகரச் சீனர் குடியிருப்பின் முன்னோடிகள் என்று கொள்ளலாம். முதலாளி நட்ட கரும்பு அழிந்தது, ஓடிப்போன கூலிகள் ஊரை உருவாக்கினார்கள்.

நாம் சீனி என்று சொல்வதைப் போலவே வங்காளிகளும் சர்க்கரையைச் சினி என்றுதான் சொல்கிறார்கள். அச்சியூவின் ஆலையிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது என்று கொல்கத்தாவில் சிலர் பெருமையோடு கூறுவதுண்டு. கேட்பதற்கு இனிமையான கதைதான். ஆனால் அந்தச் சொல் அச்சியூ பிறப்பதற்கு முன்பே வழக்கில் இருந்தது. சீன நாட்டோடு தொடர்புடைய பெயர் என்பது மட்டும் உண்மை.

அச்சியூவின் பெயரால் அந்த இடம் இன்றும் அச்சிப்பூர் என்றே வழங்குகிறது. கொல்கத்தாவிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவு. பஜ் பஜ் வரை புகையிரதம் உண்டு. (கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உரையாற்றிவிட்டுப் பாம்பன் வழியாகச் சென்னை சென்ற விவேகானந்தர், 1897 பெப்ரவரியில் வங்காள மண்ணில் கால் வைத்ததும் இந்தப் பஜ் பஜ் துறையில்தான்.) நதிக்கரையில் செந்நிறம் பூசிய, குதிரை இலாட வடிவக் கல்லறை ஒன்று அச்சியூவுடையது என்று காட்டப்படுகிறது. ஆண்டுதோறும் சீனப் புத்தாண்டைத் தொடர்ந்து வரும் நாட்களில் கொல்கத்தாச் சீனர்கள் குடும்பம் குடும்பமாக இங்கு வந்து, ஊதுபத்தி ஏற்றி, பழமும் இறைச்சியும் படைத்துச் செல்கிறார்கள்.

கல்லறைக்குச் சற்று அப்பால் ஒரு சிறு கோவில் இருக்கிறது. சீனக் கிராமங்களில் எங்கும் காணப்படும் நிலத்தின் காவல் தெய்வங்களான தம்பதியர் அங்கு வீற்றிருக்கிறார்கள். ஊர் மக்கள் அவர்களுக்கு இட்டிருக்கும் பெயர் குதா, குதி. குதா என்பது பாரசீக மொழியில் இறைவனைக் குறிக்கும் சொல், வங்காள முஸ்லிம்களின் வாயில் நாளாந்தம் புழங்குவது. குதி என்பது அதற்கு ஊரார் தாமே படைத்துக்கொண்ட பெண்பால். அதே வளாகத்தில் தக்ஷிண் ராய்க்கும் ஓர் இடம் உண்டு. சுந்தரவனத்துப் புலிகளிடமிருந்து மக்களைக் காக்கும் தெய்வம் அவர். சீனத் தெய்வங்களுக்குப் பாரசீகப் பெயர், பக்கத்தில் வங்காளத்துப் புலித்தெய்வம், சூழவும் முஸ்லிம் குடியிருப்புகள். இதனை எந்த மதத் தலைவரும் கூடி ஆலோசித்துத் தீர்மானித்ததில்லை. புலியும் வெள்ளமும் நோயும் எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஊரில் அது தானாகவே அமைந்தது.

நகரத்துச் சீனர்களை ஒரே சமூகமாக நினைப்பது தவறு. கன்டன் பகுதியிலிருந்து வந்தவர்கள் தச்சர்கள். கப்பல் வேலைக்கும் வீட்டுத் தளபாடங்களுக்கும் அவர்களைத்தான் நாடினார்கள். ஹக்கா மக்கள் சப்பாத்துத் தைப்பவர்களாகவும் தோல் பதனிடுபவர்களாகவும் விளங்கினர். பென்டிங் வீதியில் வரிசையாக நின்ற சப்பாத்துக் கடைகள் அவர்களுடையவை. ஹூபே மாகாணத்தவர் பல் வைத்தியர்கள். ஷான்டோங் மாகாணத்தவர் பட்டுத்துணி வணிகர்கள். ஒருவர் மொழி மற்றவருக்கு எளிதில் விளங்காது. எனவே ஒவ்வொரு பிரிவினருக்கும் தனித்தனிச் சங்கம், தனித்தனி இடுகாடு, தனித்தனி 'சேர்ச்'. மேல்மாடியில் தெய்வம் இருக்கும். கீழே சங்கத்தின் மண்டபம். புதிதாகக் கப்பலில் வந்திறங்கியவன் படுத்துறங்கவும், வேலை தேடவும், இறந்தால் அடக்கம் செய்யப்படவும் பொறுப்பேற்றது அந்தச் சங்கம். வழிபாட்டிடம் என்பதை விட ஊர்ச்சங்கம் என்று சொல்வதே பொருந்தும். கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஊர்ச்சங்கம் வைத்திருக்கும் எம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த நகரத்துக்கு வந்த சீனர்களில் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர் தாமாக விரும்பி வந்தவரல்லர். இரண்டாம் அபினி யுத்தத்தின்போது, 1858 ஜனவரியில் கன்டன் நகரில் பிரித்தானியரிடம் சிக்கிய ஆளுநர் யே மிங்சென் கைதியாகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, மறு ஆண்டு இங்கேயே இறந்தார். வங்காளத்தில் விளைந்து கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியான அபினிதான் அந்த யுத்தத்தின் வேர். அபினியை ஏற்றிச் சென்ற கடல்வழியே தச்சர்களையும் கொண்டுவந்தது, தோற்ற ஆளுநரையும் கொண்டுவந்தது.

டிரெட்டா என்ற பெயரே ஓர் இத்தாலியருடையது. பதினெட்டாம் நூற்றாண்டில் கல்கத்தாவின் வீதிகளுக்கும் கட்டடங்களுக்கும் பொறுப்பாளராக இருந்த வெனிஸ் நாட்டவர் எட்வர்ட் டிரெட்டா நடத்திய சந்தை இது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் இங்கு செல்பவர்கள், சீனக் குடும்பங்கள் நடைபாதையில் பாத்திரங்களை வைத்து விற்கும் காலை உணவைச் சுவைக்கலாம். ஆவியில் அவித்த, இறைச்சி உள்ளிட்ட வெண்ணிற உருண்டைகள், மீன் உருண்டைச் சூப்பு முதலியன. ஒன்பது மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். நான் சென்ற காலையில் விற்பவர்களில் பாதிப்பேர்தான் சீனர்கள். வாங்குபவர்களோ பெரும்பாலும் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கும் வங்காள இளைஞர்கள்.

அங்கிருந்து சீ இப் கோவிலுக்கு நடந்து சென்றேன். 1905 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. மரப்படிகளில் ஏறினால் குவான் யின் சந்நிதி. பக்தர் ஒருவர் மூங்கில் குவளையில் இருந்த குச்சிகளைக் குலுக்கி, வெளியே விழும் ஒரு குச்சியின் இலக்கத்தைக் கொண்டு பலன் பார்த்துக்கொண்டிருந்தார். எமது கோவில்களில் பூக்கட்டிப் பார்ப்பது நினைவுக்கு வந்தது. டூங் ஆன் கோவிலில் முதன்மைத் தெய்வம் குவான் யூ. கி.பி. 220 அளவில் கொல்லப்பட்ட ஒரு தளபதி, வாக்குத் தவறாமையால் தெய்வமானவர். வணிகர்கள் அவரை வழிபடுவதற்கும் அதுவே காரணம். கடன் கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே சாட்சியாக நிற்கத்தக்க தெய்வம் அல்லவா! இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் ஒரு காலத்தில் புகழ்பெற்ற நான்கிங் உணவகம் இயங்கியது.

கோவிலை விட்டு வெளியே வந்து கால் மணி நேரத்துக்குள் நடந்து செல்லக்கூடிய தூரத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். 1724 இல் கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயம். 1799 ஆம் ஆண்டுப் போர்த்துக்கேயப் பேராலயம். 1884 இல் எழுந்த மாகென் டேவிட் யூத ஜெபாலயம், அதனையும் விடப் பழைய பெத் எல் ஜெபாலயம். மெற்காஃப் வீதியில் பார்சிகளின் அக்கினி ஆலயம். 1926 இல் அத்திவாரமிடப்பட்ட, ஆக்ராவில் உள்ள அக்பரின் சமாதியை மாதிரியாகக் கொண்ட நாகோதாப் பள்ளிவாசல். பௌ பஜாரில் பிரிங்கி காளி கோவில். போர்த்துக்கேய வழித்தோன்றலான அன்டனி என்ற வங்காளக் கவிஞருடன் மக்கள் அதனைத் தொடர்புபடுத்திப் பேசுகிறார்கள். யூதர்கள் இன்று இரண்டு டசின் பேர் கூட நகரில் இல்லை. அவர்களது ஜெபாலயங்களைத் துடைத்து, விளக்கேற்றி, திறப்பைக் காவல் காத்து வருபவர்கள் ஒடிசாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்தினர். தந்தைக்குப் பின் மகனாக அந்தப் பணியைச் செய்கிறார்கள்.

பௌத்தர்களிலும் எத்தனை வகை! சிட்டகொங்கைச் சேர்ந்த வங்காள பௌத்தர்களுக்காக 1892 இல் கிருபாசரண் மகாஸ்தவிரர் நிறுவிய தர்மாங்குர சபை பௌ பஜாரில் இருக்கிறது. கல்லூரிச் சதுக்கத்தில் இருக்கும் மகாபோதி சங்கத்தின் விகாரை 1920 இல் திறக்கப்பட்டது. 1891 இல் கொழும்பில் மகாபோதி சங்கத்தை ஆரம்பித்து, மறு ஆண்டே அதன் பணிமனையைக் கல்கத்தாவுக்கு மாற்றிய அநாகரிக தர்மபால எமது நாட்டவர். பௌத்தத்தைத் தேசத்தோடும் இனத்தோடும் இறுகப் பிணைத்தவர் என்று நாம் அறிந்திருக்கும் தர்மபாலவின் விகாரைக்குச் சிறிது தூரத்தில், புத்தரையும் தளபதியையும் மூதாதையரையும் நில தேவதையையும் ஒரே ஊதுபத்தியில் வழிபடும் சீனர்கள் வாழ்ந்து வந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பட்டியலிட்டு, கொல்கத்தாவை மத நல்லிணக்கத்தின் பூமி என்று எழுதிவிடுவது மிகவும் இலகு. சுற்றுலா மலர்கள் அப்படித்தான் எழுதுகின்றன. 1946 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கானோர் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்ட நகரமும் இதுதான். மேலே சொன்ன வீதிகளிலும் அன்று பிணங்கள் கிடந்தன. நான் கண்ட வரையில் இந்த மதத்தவர்கள் ஒருவர் வழிபாட்டிடத்துக்குள் மற்றவர் அதிகம் நுழைவதில்லை. அவரவர் கதவு அவரவருக்கு. அடுத்த வீட்டு மணியோசையைச் சகித்துக்கொள்வது என்ற அளவில்தான் அந்த உறவு இருந்து வந்திருக்கிறது. ஆனால் அந்த அளவுதானும் எமது தீவில் எத்தனை தடவை கிட்டாமல் போயிற்று என்பதை நினைத்தால், அதனைச் சிறிதென்று தள்ளவும் மனம் வரவில்லை.

கதவு திறந்திருப்பதைக் காண வேண்டுமானால் நகரின் கிழக்கே டாங்ராவுக்குச் செல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதுப்பு நிலமாகக் கிடந்த அந்தப் பகுதியில் ஹக்கா மக்கள் தோல் பதனிடும் தொழிலை ஆரம்பித்தார்கள். அந்தத் தொழிலை அவர்கள் கையில் கொடுத்தது சாதி. உயர்சாதி இந்துக்கள் செத்த மாட்டின் தோலைத் தொட மாட்டார்கள். தொட்டவர்களிடம் முதல் இல்லை. சாதி அடுக்கில் எந்த இடமும் இல்லாத அந்நியனுக்கு அந்தத் தீட்டு ஒட்டவில்லை. ஆகவே சீனர் முதலாளியாகவும், பீகாரிலிருந்து வந்த தலித் மக்கள் தொழிலாளர்களாகவும் டாங்ரா வளர்ந்தது. இரு உலக யுத்தங்களும் இராணுவச் சப்பாத்துகளும் அதனைச் செழிக்க வைத்தன. வெளியார் கண்ணுக்கு நாறும் சேறு, உள்ளே பணம் புழங்கும் ஊர்.

அங்கேதான் சீனக் காளி கோவில் இருக்கிறது. மரத்தடியில் குங்குமம் பூசிய கற்களை இந்துக்கள் வழிபட்டு வந்தார்களாம். வைத்தியர்களால் கைவிடப்பட்ட சீனச் சிறுவன் ஒருவனைப் பெற்றோர் அந்த மரத்தடியில் கிடத்தி வேண்டிக்கொண்டார்களாம், அவன் பிழைத்தெழுந்தானாம். நடந்ததா இல்லையா என்று ஆராய்வது எனது வேலையல்ல. சீனர்கள் பணம் போட்டுக் கோவில் கட்டினார்கள் என்பதும், வங்காளப் பிராமணர் பூசை செய்கிறார் என்பதும், நூடில்ஸும் சொப்சூயும் சோறும் நைவேத்தியமாகிப் பிரசாதமாக வழங்கப்படுகின்றன என்பதும் நேரில் காணக்கூடியவை. தீய ஆவிகளை விரட்டக் காகிதம் எரிக்கும் சீன வழக்கமும் காளியின் முன்னிலையிலேயே நடக்கிறது. வழிபடுவோரில் பௌத்தரும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. ஒரு தெய்வத்தைப் பிடித்துக்கொள்வதற்கு மற்றத் தெய்வத்தை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் சீனரின் பழைய சமய மரபில் இல்லை. எமது கிராமங்களில் மடு மாதாவுக்கு நேர்த்தி வைக்கும் சைவப் பெண்களிடமும் அது இல்லை.

இனி, முன்னர் சொன்ன அந்தச் சொல்லுக்கு வருவோம். 1962 ஒக்டோபரில் இந்திய சீன எல்லை யுத்தம் வெடித்தது. ஒரு மாதத்தில் யுத்தம் ஓய்ந்துவிட்டது. ஆனால் சீன வம்சாவளியினர் 'எதிரி நாட்டவர்' ஆகிவிட்டார்கள். இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அஸாமிலிருந்தும் டார்ஜிலிங்கிலிருந்தும் ஷில்லொங்கிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஏறக்குறைய மூவாயிரம் பேர் விசாரணை எதுவுமின்றிக் கைது செய்யப்பட்டனர். அஸாமின் மாகும் ஊர்ச் சீனர்கள் குழந்தை குட்டிகளோடு புகையிரதத்தில் ஏற்றப்பட்டு, ஒரு வாரகாலம் பயணம் செய்து, இராஜஸ்தான் பாலைவனத்தின் ஓரத்தில் இருந்த தியோலி முகாமில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் சீனாவைக் கண்ணால் கண்டதுமில்லை, சீன மொழி பேசத் தெரிந்தவர்களுமல்லர். அஸாமியத் தாய்மாருக்குப் பிறந்தவர்களும் இருந்தனர். கடைசியாக விடுவிக்கப்பட்டவர்கள் 1967 வரை கம்பிவேலிக்குள் இருந்தார்கள். வீடு திரும்பியபோது பலரது கடைகளும் நிலங்களும் ஏலத்தில் போய்விட்டிருந்தன.

சீன அரசாங்கம் 1963 இல் கப்பல்களை அனுப்பி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றது. அந்தக் கப்பல்கள் புறப்பட்டது சென்னைத் துறைமுகத்திலிருந்து என்பது தமிழ் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? போனவர்களை அங்கே காத்திருந்தது மற்றொரு துயரம். கலாசாரப் புரட்சிக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்ற சந்தேகத்துக்கு அவர்கள் ஆளானார்கள்.

கல்கத்தாச் சீனர்களில் பெரும்பாலானோர் முகாமுக்குப் போகவில்லை. ஆனால் ஊரை விட்டு வெளியே செல்லப் பொலிஸ் அனுமதி வேண்டும், தவறாமல் பொலிஸ் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்ததற்காக அமெரிக்கா 1988 இல் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டு நட்டஈடும் வழங்கியது. தியோலிக்காக இந்திய அரசிடமிருந்து உத்தியோகபூர்வமான மன்னிப்பு எதுவும் வரவில்லை. கனடாவில் குடியேறிய முன்னாள் கைதிகள் சங்கம் அமைத்துக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கோருவது பணமல்ல, நடந்தது தவறு என்ற ஒரு வார்த்தையை.

இந்த இடத்தில் எமது நாட்டையும் சொல்லாமல் கடந்துவிட முடியாது. இலங்கையின் நகரங்களில் சீனப் பல் வைத்தியரின் பெயர்ப்பலகையையும், சைக்கிளில் துணிமூட்டையோடு வந்த சீனரையும் எனது தலைமுறையினர் நன்கு அறிவர். அவர்களிலும் பலர் பல்லாண்டு காலம் நாடற்றவர்களாகவே வாழ்ந்து, 2008 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம்தான் பிரஜாவுரிமை பெற்றார்கள். மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நாம், பக்கத்து வீதியில் பல் கட்டிய மனிதருக்கும் நாடில்லை என்பதைப் பற்றி எழுதியது குறைவு.

கல்கத்தாவில் ஒரு காலத்தில் சுமார் இருபதாயிரமாக இருந்த சீனர்கள் இன்று இரண்டாயிரம் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். 1962 தொடக்கி வைத்த வெளியேற்றத்தை நீதிமன்றமும் விரைவுபடுத்தியது. கங்கை மாசடைவதைத் தடுக்கும் வழக்கில் 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், டாங்ரா உட்பட நகரின் கிழக்கே இயங்கிய ஐந்நூறுக்கும் அதிகமான தோல் தொழிற்சாலைகளை பந்தாலாவுக்கு மாற்றும்படி உத்தரவிட்டது. மாசு உண்மையானது, தீர்ப்பும் தேவையானதே. ஆனால் வயோதிபர்களான முதலாளிகள் பலர் புதிய இடத்துக்குப் போகவில்லை. சிலர் தொழிற்சாலைக் கூடத்தைச் சுத்தம் செய்து உணவகமாக்கினார்கள். பிள்ளைகள் கனடாவுக்குப் போனார்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எம்மவர்கள் விரும்பிச் சென்று உண்ணும் 'ஹக்கா' உணவகங்கள் பலவற்றின் பூர்வீகம் இந்த டாங்ராதான். மிளகாயும் மல்லியும் சேர்ந்த அந்தச் சுவை சீனாவில் கிடைக்காது.

2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் இந்தியச் சிப்பாய்கள் இருபது பேர் கொல்லப்பட்டபோது, டாங்ராச் சீனர்கள் பதாதைகளோடு வீதிக்கு வந்து தாம் இந்தியர்கள் என்று அறிவித்தார்கள். ஆறாவது ஏழாவது தலைமுறையாக வாழும் மண்ணில் ஒருவன் அதைப் பதாதையில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் அதுவே என்னை அதிகம் பாதித்தது. 1969 இல் தொடங்கப்பட்ட 'சியோங் பாவ்' என்ற சீன மொழி நாளிதழ் டாங்ராவிலிருந்து வெளிவந்து கொண்டிருந்தது. நான்கு பக்கங்கள். ஹொங்கொங், தாய்வான், சீனச் செய்திகளோடு, கல்கத்தா ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து மொழிபெயர்த்த உள்ளூர்ச் செய்திகள். சமூகத்தில் யார் இறந்தார், யாருக்குத் திருமணம், எந்தச் சங்கத்தில் எப்போது கூட்டம் என்பவற்றுக்கு அதுவே ஆதாரம். ஒரு காலத்தில் இரண்டாயிரம் வரை விற்ற பிரதிகள் கடைசி ஆண்டுகளில் இருநூறளவில் வந்து நின்றன. இளையவர்கள் வீட்டில் ஹக்கா பேசுவார்கள், வெளியே வங்காளமும் ஹிந்தியும் பேசுவார்கள், ஆங்கிலம் படிப்பார்கள். சீன எழுத்து வாசிக்கத் தெரியாது. டாங்ராவின் பெய் மே சீனப் பாடசாலையும் மூடப்பட்டுவிட்டது. வாசகர் ஒருவர் இறந்தால் ஒரு பிரதி குறையும், அந்த இடத்துக்கு வேறொருவர் வர மாட்டார்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கோடு அச்சு நின்றது. ஜூலையில் அதன் முதிய ஆசிரியர் காலமானார். அவரது மரணச் செய்தியைச் சீன மொழியில் வெளியிடக் கொல்கத்தாவில் அப்போது பத்திரிகை இருக்கவில்லை.